நோவு அறியாத நோய்

நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் எழும் மன்றாட்டுகளைக் கூர்ந்து கேட்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். பாவம் என்னும் தொழுநோயினின்று எங்களை விடுவித்தருளும் என்று ஒருவர் வேண்டுவார். அடுத்த வாரம் இலஞ்சம் தொழுநோயாகும். அதற்கும் அடுத்த வாரம் சாதி; பிறகு மது; பிறகு சின்னத்திரை. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் இயேசுவின்முன் முழந்தாள்படியிடும் பகுதி வாசிக்கப்படும் ஞாயிறன்றோ, கேட்கவே வேண்டாம். அந்த மனிதர் பத்து நிமிட மறையுரைக்குள் காணாமற் போய்விடுவார். அவர் நின்ற இடத்தில் நம் பாவங்கள் வரிசையாக வந்து நிற்கும். மறையுரை முடியும்போது நோயுற்ற மனிதர் ஒருவர் குணம்பெற்றார் என்ற செய்தியே நமக்கு மறந்திருக்கும்.

இதில் என்ன குற்றம், உருவகம்தானே என்று கேட்பவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. வழக்கைச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஏனெனில் நாம் இழந்திருப்பது முதலில் ஒரு சொல்லின் பொருளை.

நோய் என்பது நம் மொழியின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. நோ என்னும் வினையடியிற் பிறந்தது. நோதல், நொந்தான், நோவு, நோக்காடு எல்லாம் அந்த வேரின் கிளைகள். கன்னடத்தில் நோவு என்றாலும், தெலுங்கில் நொப்பி என்றாலும், மலையாளத்தில் நோவு என்றாலும் வலியே பொருள். ஈழத்துத் தமிழர் இன்றும் 'கால் நோகுது' என்றே சொல்வர். பிள்ளைப்பேற்றின் வேதனைக்கு நம் பாட்டிமார் வைத்த பெயரும் நோவுதான். ஆகவே நோய் என்ற சொல் பிறக்கும்போது அதற்குக் கிருமி தெரியாது, தொற்று தெரியாது, தீட்டும் தெரியாது. ஓர் உயிர் தனக்குள் உணரும் வருத்தம் ஒன்றே அதற்குத் தெரியும். நோகிறவன் மட்டுமே சொல்லக்கூடிய சொல் அது. பக்கத்தில் நிற்பவன் பார்த்துச் சூட்டிய பெயரன்று.

பழந்தமிழ் அகப்பாடல்களில் பிரிந்த தலைவி தன் துயரை நோய் என்று சொல்வது இதனாலேயே. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை. வள்ளுவர் இன்னாசெய்யாமை பற்றிப் பேசும்போது, பிற உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதாத அறிவினால் என்ன பயன் என்று கேட்கிறார். அங்கும் நோய் என்பது துன்பமே. தவத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, தனக்கு உற்ற நோயைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்கிறார். அந்தப் பொறுத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் நம் தவக்காலத்து நோன்பு வருகின்றது. நோயும் நோன்பும் பழந்தமிழின் காதில் அத்தனை அருகருகே ஒலித்த சொற்கள்.

ஏனைய சொற்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பிணி என்பது பிணித்தல், அதாவது கட்டுதல். படுக்கையோடு கட்டிப்போடுவது பிணி. ரோகம் வடமொழி, உடைதல், நோதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. வியாதியும் வடமொழியே. சீக்கு ஆங்கிலேயன் கொடுத்துப் போனது. ஆரோக்கியம் என்ற சொல்லைப் பிரித்தால் ரோகம் இன்மை என்றுதான் வரும். நலம் என்ற சொல்லுக்கு உள்ள நிறைவு அதற்கு இல்லை. ஆனாலும் வேளாங்கண்ணித் தாயின் பெயரால் நம் இல்லங்களில் ஆரோக்கியசாமிகளும் ஆரோக்கியமேரிகளும் நிறைந்திருக்கிறார்கள், நிறைந்திருக்கட்டும். இவற்றுள் ஒன்றேனும், சொல்லின் வேரிலே, பாவத்தைச் சுட்டவில்லை என்பதை மட்டும் மனத்திற் கொள்க. உடைவு உண்டு, கட்டு உண்டு, வலி உண்டு, குற்றம் இல்லை. குற்றத்தைப் பிற்பாடு ஏற்றியவர்கள் நாம்.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். நோய்க்குப் பெயர் வைப்பதில் உள்ள தவறுகளும், ஒரு நோயின் உண்மையும், ஒரே குடும்பத்தின் கதையாக அங்கிருந்து நமக்குக் கிடைத்துள்ளன.

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடையும் மலை அது. வல்வில் ஓரி ஆண்ட மலை. கண்டாரைக் கொல்லும் பாவை என்ற மரபுக்கதைக்கு உரிய மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்துவரும் மலை. சமவெளியினருக்கோ அது காய்ச்சலின் மலை. ஓர் இரவு தங்கினாலும் குளிரும் நடுக்கமுமாக இறங்கவேண்டிவரும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கொல்லி என்ற பெயரைக் கொல்லுதலோடு சேர்த்துச் சாவின் மலைகள் என்றே மொழிபெயர்த்துவிட்டார்கள். அங்கே பிறந்து, அங்கே உழுது, அங்கே பேரன் பேத்தி கண்டவர்களிடம் அந்தப் பெயர்ப்பு சரியா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி எவலினும் 1913ஆம் ஆண்டில் மணமுடித்தபின் குடியேறினார்கள். பாப்டிஸ்ட் சபையின் நற்செய்திப் பணியாளர்கள். நம் சபையினர் அல்லர். அதனால் நம் இதழ்களில் அவர்கள் பெயர் அதிகம் வந்ததில்லை, அது நமக்குத்தான் இழப்பு. அவர்கள் தங்கிய ஊர்ப்பகுதியின் பெயர் வாழவந்தி. சாவின் மலை என்று வெளியார் சொன்ன இடத்தில் உள்ளூரார் வைத்திருந்த பெயர் இது என்பதைக் கவனிக்க.

அங்கே அவர்கள் கண்ட நோய்களில் ஒன்று நரம்புச்சிலந்தி. குளத்திலும் படிக்கிணற்றிலும் உள்ள நீரைக் குடித்தவர்களின் உடலுக்குள் புழு வளர்ந்து, காலில் கொப்புளமாகி, நூல்போல் வெளிவரும். நரம்பே உருகி வெளிவருகிறது என்று மக்கள் கருதியதால் அந்தப் பெயர். அது நரம்பும் அன்று, சிலந்தியும் அன்று. ஜெஸ்ஸி பிராண்ட் அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே இழுத்ததை அவர் மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மற்றொன்று மலேரியா. இத்தாலிய மொழியில் அதற்குக் கெட்ட காற்று என்று பொருள். காற்றிலே நோய் வருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர். கொசுவின் வழியே வருகிறது என்பதற்கான சான்றை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டபின்னும் பெயர் மாறவில்லை. அந்தக் காய்ச்சலின் கடுமையான வடிவமாகிய கருநீர்க் காய்ச்சல்தான் 1929இல் ஜெஸ்ஸி பிராண்டைக் கொண்டுபோயிற்று. எவலின் அம்மையார் தளரவில்லை. ஓய்வுபெறும் வயதானபின் மீண்டும் மலைக்கே ஏறி, 1974இல் தம் 95ஆம் வயதில் மறையும்வரை மலைமக்களுக்காகவே வாழ்ந்தார்.

இதை ஏன் சொல்கிறோம்? நரம்புச்சிலந்தி என்ற பெயர் பிழை. மலேரியா என்ற பெயரும் பிழை. இந்தியாவிலிருந்து நரம்புச்சிலந்தி ஒழிந்துவிட்டது என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெயரின் பிழை அந்த வேலைக்கு இடையூறாக நிற்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் வந்தவரைக் கெட்ட காற்று என்று எவரும் ஏசியதில்லை. ஆகவே சொற்பிறப்புப் பிழையாக இருப்பதால் மட்டும் ஒரு சொல்லை ஊரைவிட்டு ஓட்டவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அகராதி தூய்மையாளர்களோடு நமக்கு உறவில்லை. எந்தச் சொல் மனிதரைச் சுடுகிறதோ அந்தச் சொல்லைப்பற்றியே நம் பேச்சு.

அத்தகைய சொல்லும் அந்த வீட்டு வாசலுக்கு ஒருநாள் வந்தது. மகன் பால் பிராண்ட் சிறுவனாக இருந்தபோது, தொழுநோய் கண்ட மூவர் மருந்து நாடி வந்தார்கள். பிற நோயாளரை வெறுங்கையால் தொட்டுப் பார்க்கும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டார். பிள்ளைகள் அருகே வரலாகாது என்று கட்டளை. வந்தவர்களின் கால்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். தாய் அவர்களுக்கு ஒரு கூடையில் உணவு கொடுத்தார். அவர்கள் கூடையை வைத்துவிட்டுப் போனபின் அந்தக் கூடை எரிக்கப்பட்டது. தம் உயிரையே மலைமக்களுக்குக் கொடுத்த தம்பதியர் அவர்கள். அவர்களையே அந்தச் சொல் இவ்வளவு தூரம் பின்வாங்கச் செய்ததென்றால், நம்மைப்போன்றோரை என்ன செய்யாது?

1914இல் பிறந்த அந்தச் சிறுவன் ஒன்பது வயதுவரை கொல்லிமலைக் காட்டில் மரமேறி வளர்ந்தான். 1923இல் படிப்புக்காக இங்கிலாந்து சென்று, அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே தொழுநோயால் மடங்கிப்போன கைகளைக் கண்டார். அந்நாள் மருத்துவ உலகம் நம்பியது இது: தொழுநோயில் சதை கெட்டுப்போகிறது, விரல்கள் தாமே அழுகி விழுகின்றன, அந்தச் சதையில் கத்தி வைத்தால் புண் ஆறாது. பால் பிராண்ட் இதை அப்படியே ஏற்கவில்லை. மடங்கிய கைகளில் அறுவை செய்து, தசைநாண்களை மாற்றிப் பொருத்தினார். புண்கள் ஆறின. கெட்ட சதை என்ற ஒன்றே இல்லை.

அப்படியானால் விரல்கள் எப்படிப் போயின? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருப்பினான். மருத்துவர் வியந்து அவன் கையைப் பார்த்தால் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை! இரவில் நன்றாக இருந்த விரல் விடியற்காலையில் இல்லாமற் போவதன் காரணத்தைத் தேடியபோது, உறங்குபவர்களின் உணர்வற்ற விரல்களை எலி கடித்ததைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. சூடான பாத்திரம், செருப்பிலே ஏறிய ஆணி, இவைதாம் விரலைத் தின்றவை. தொழுநோய்க் கிருமி செய்தது ஒன்றுதான். அது நரம்பைத் தாக்கி நோவை எடுத்துவிட்டது. நோவை இழந்த உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் காவலை இழந்தது. பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட நூலுக்கு, நோவு என்பது எவரும் விரும்பாத கொடை என்னும் கருத்தையே தலைப்பாக வைத்தார். 2003இல் அவர் மறைந்தார்.

தமிழன் இந்த இடத்தில் திடுக்கிட்டு நிற்கவேண்டும். நோய் என்றால் நோவு. ஆனால் நம் நாட்டின் வரலாற்றிலேயே மிகுதியாக வெறுக்கப்பட்ட நோய், நோவே இல்லாத நோய்! சொல்லின் வேர் நம்மை ஏமாற்றிவிட்டது. தோலில் நிறம் வெளிறிய தேமல் ஒன்று தோன்றுகிறது, கிள்ளினாலும் தெரியவில்லை. நோகவில்லையே, பிறகென்ன நோய் என்று அந்த மனிதர் வயலுக்குப் போய்விடுகிறார். மொலோக்காய்த் தீவின் புனித தமியானுக்கும் இதுவே நேர்ந்தது. 1884இன் இறுதியில் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தார், தோல் கொப்புளித்தது, நோகவில்லை. நோகாமையே அவருக்கு வந்த செய்தி. அதன்பின் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக வாழ்ந்து 1889இல் மறைந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

இன்று அந்தத் தேமலைக் கண்டவுடன் மருத்துவரிடம் சென்றால் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். 2005இன் இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் இறங்கிவிட்டதாக நடுவண் அரசு அறிவித்தது. ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு நம் நாட்டில் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர் இந்தியர். காலந்தாழ்ந்து வருபவர்களுக்கே கையும் காலும் ஊனமாகின்றன. ஏன் தாழ்ந்து வருகிறார்கள்? உடல் நோவென்று சொல்லாமல் மௌனமாக இருக்கிறது. இது முதற் காரணம். தெரிந்தபின்னும் மறைக்கிறார்கள், இது இரண்டாவது. முதற் காரணத்தை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது காரணத்தில் நம் மன்றாட்டுகளுக்கும் பங்குண்டு. பாவத்துக்கு அந்நோயின் பெயரை வைத்துக் கூட்டாக வேண்டும் ஆலயத்தில், கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பெண் தன் முழங்கையிலுள்ள தேமலைச் சேலைத்தலைப்பால் இழுத்து மூடிக்கொண்டால், அவளைக் குறைசொல்ல நமக்கு வாயுண்டா?

இது நம் சமயம் தொடங்கிய பழக்கம் அன்று என்பர். உண்மைதான். நாலடியாரில், தொழுநோயால் விரல்கள் அழுகுவது முற்பிறப்பில் நண்டின் காலை முறித்துத் தின்ற பழவினையின் பயன் என்று சொல்லப்பட்டிருக்கிறது. கொல்லாமையை வற்புறுத்தச் சமணத் துறவி சொன்ன வழி அது. நோக்கம் நல்லது, நோயுற்றவரின் தலையில் நோவோடு குற்றத்தையும் ஏற்றியதுதான் விளைவு. பிற்காலத்தில் தொழுநோய் என்ற சொல்லுக்கே, கைகூப்பித் தொழுது நிற்கச் செய்யும் நோய் என்று ஒலியைக்கொண்டு விளக்கம் கட்டினார்கள். நாலடியாரில் அப்படி ஒரு விளக்கம் இல்லை. பிச்சையெடுக்கும் கையைப் பார்த்தபின் கட்டிய கதை அது. நாம்தான் அந்தக் கையைப் பிச்சைக்கு அனுப்பினோம். பிறகு அதையே சொல்லின் பொருளாக்கினோம்.

வள்ளுவரோ ஊழை நம்பியவர்; ஊழுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர். ஆயினும் மருந்து என்னும் அதிகாரத்தில் ஊழை உள்ளே விடவில்லை. உணவின் மிகுதி குறைவு, வளி முதலிய மூன்று, பசித்தீ, காலம் இவற்றையே பேசுகிறார். நோயையும் அதன் முதலையும் ஆராயச் சொல்கிறார். முதல் என்றவுடன் முற்பிறப்புக்கு ஓடவில்லை. அங்கே நோயாளியை அவர் அழைக்கும் சொல் உற்றவன் என்பது. நோய் அவன்மேல் உற்றது, அவன் நோயாகிவிடவில்லை. இத்தனை நுட்பம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இனி விவிலியமே அப்படிச் சொல்கிறதே என்ற மறுப்பு. இதற்கு விரிவாக விடை சொல்லியே ஆகவேண்டும். லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்களில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் ட்சராஅத். அது மனிதர் தோலுக்கு மட்டுமன்று, ஆடைக்கும் வரும், வீட்டுச் சுவருக்கும் வரும். ஆன்சன் என்ற நார்வே மருத்துவர் 1873இல் கண்டுபிடித்த கிருமி சுவரைத் தாக்காது. படை, சொறி, பூஞ்சணம் எனப் பலவற்றைச் சேர்த்துக் குறித்த சொல் அது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் லெப்ரா, அதாவது செதில் உரிவது என்றார்கள். அந்தச் சொல் இலத்தீனுக்குச் சென்று, நூற்றாண்டுகளின் பயணத்தில் இன்றைய தொழுநோயோடு ஒட்டிக்கொண்டது. சரி, மொழிபெயர்ப்பில் வேறு வழியில்லை என்றே கொள்வோம். லேவியர் நூல் அதனைத் தூய்மையற்றது என்கிறதே அன்றிப் பாவம் என்று சொல்லவில்லை. அதற்கு நேர் முந்தைய அதிகாரத்தில், பிள்ளை பெற்ற தாயும் அதே முறையில் தூய்மையற்றவளாகவே எண்ணப்படுகிறாள். தாய்மை என்னும் பாவத்தினின்று எங்களை விடுவியும் என்று எவரேனும் மன்றாடினால் நாம் பொறுப்போமா?

மிரியாமும் கேகசியும் அரசர் உசியாவும் குற்றத்தின் பொருட்டு அந்நோயால் வாதிக்கப்பட்டார்கள் என்பர். ஆம், அந்த மூவர் கதை அப்படித்தான். ஆனால் கேகசியின் கதை வரும் அதே அதிகாரத்தில் நாமானுக்கும் அந்நோய் இருந்தது. அவர்மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. மோசேயின் கை ஆண்டவரின் அடையாளமாகவே ஒரு கணம் அப்படி வெளுத்தது. யோபு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை புண்ணோடு சாம்பலில் அமர்ந்தார். நீ செய்த பாவம்தான் என்று நண்பர்கள் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். இறுதியில் கடவுள் சினந்தது யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேல். நம் மறையுரைகள் யோபுவின் நண்பர்களிடம் பாடம் கேட்டவைபோல் இருக்கின்றன!

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் வெட்டிச் சொன்னதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பதிவுசெய்திருக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் குளத்தருகே குணம்பெற்றவரிடம் இனிப் பாவம் செய்யாதே என்றாரே எனின், அது குணமான ஒருவருக்குத் தனியே சொன்ன அறிவுரை; நோயாளர் அனைவர்க்கும் எழுதிய தீர்ப்பு அன்று. திருத்தூதர் யாக்கோபு நோயில் பூசுதல் பற்றி எழுதும்போது, பாவம் செய்திருந்தால் அதுவும் மன்னிக்கப்படும் என்கிறார். செய்திருந்தால் என்பதைக் கவனியுங்கள். ஓர் எழுத்தை அவர் கூட்டிக் குறைத்திருந்தால் நோயாளர் அனைவரும் பாவிகளாகியிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை.

எல்லாவற்றிலும் மேலான சான்று புனித எரோணிமுசு தந்தது. எசாயாவின் 53ஆம் அதிகாரத்தில், துன்புறும் ஊழியரைக் கடவுளால் அடிபட்டவராக நாம் எண்ணினோம் என்று வரும் இடத்தை இலத்தீனில் பெயர்த்தபோது, அவரைத் தொழுநோயாளர்போல் எண்ணினோம் என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இலத்தீன் திருச்சபை புனித வாரத்தில் படித்தது இதைத்தான். திருத்தந்தையர் சிலர் பாவத்துக்கும் தப்பறைக்கும் தொழுநோயை உவமையாக்கியது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே மரபு சிலுவையில் தொங்கியவரைத் தொழுநோயாளராகவும் கண்டது. பாவமே தொழுநோய் என்று மன்றாடுகிறவர்கள் இவ்விரண்டில் எதைக் கையிலெடுத்திருக்கிறார்கள் என்பதை யோசித்ததுண்டா?

இப்பழக்கத்துக்குச் சிற்றூர்ப் பங்கு, பெருநகர் என்ற வேறுபாடு இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2013இல் அளித்த ஒரு நேர்காணலில், முகமன் பேசும் அவைச்சூழலைத் திருத்தந்தைப் பணியின் தொழுநோய் என்று குறிப்பிட்டதாக வெளிவந்தது. தொழுநோய் ஒழிப்புக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஜப்பானியரான யோஹெய் சசகாவா இத்தகைய பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார். 2016 ஜூனில் வத்திக்கானிலேயே இந்நோய் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. இழிவுபடுத்தும் சொல்வழக்கைக் கைவிட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க 1898இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கும் உரிமை, கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டம் உள்பட, 2019இல் நீக்கப்பட்டது. நாடாளுமன்றம் தன் ஏடுகளிலிருந்து இதைத் துடைத்துவிட்டது. நம் மன்றாட்டுப் புத்தகங்கள் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன.

மாற்றுவது கடினம் என்று சொல்லவேண்டா. ஒருமுறை நாம் மாற்றியிருக்கிறோம். முதியோர் நினைவுகூர்வர்: நோயில் பூசுதல் என்று இன்று நாம் அழைக்கும் அருள்சாதனத்துக்கு முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். அந்தப் பெயரினாலேயே குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நுழைந்தால் அழுகை தொடங்கும். உயிர் பிரியும் தறுவாய்வரை அவரை அழைக்க அஞ்சுவார்கள். நோயுற்றோருக்கான பூசுதல் என்ற பெயரே தகுதியானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தன் திருவழிபாட்டுக் கொள்கையில் அறிவித்தது. பெயர் மாறியது; அதனோடு வழக்கமும் சிறிது சிறிதாக மாறியது. இன்று அறுவை மருத்துவத்துக்கு முந்தின மாலை தாமே குருவை அழைத்துப் பூசுதல் பெற்றுக்கொண்டு, மறுவாரம் வீட்டுக்கு நடந்து வருபவர்களை நாம் காண்கிறோம்.

தொழுநோய் என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்கக் கோரவில்லை. ஆன்சன் நோய் என்று மருத்துவர் எழுதட்டும், நல்லதே. பழைய பெயரும் நோயின் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டுவது இவ்வளவே. பாவத்தைப் பாவம் என்றே சொல்லுங்கள். இலஞ்சத்தை இலஞ்சம் என்றே சொல்லுங்கள். சாதியையோ நோயென்று சொல்வதே அதற்கு நாம் கொடுக்கும் சலுகை: நோய் தானே வந்து உறுவது, சாதியை நாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். மறையுரையில் அந்த மனிதரை அவர் முழந்தாள்படியிட்ட இடத்திலேயே விட்டுவையுங்கள். தொழுநோயாளி என்பதற்குப் பதில் தொழுநோய் உற்றவர் என்று வாசகரும் பாடகரும் சொல்லிப் பழகட்டும். வள்ளுவர் தந்த சொல், நாவுக்குப் புதிதன்று. உலகத் தொழுநோய் நாளாகிய சனவரி இறுதி ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின், அறிவிப்புகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துப் படிக்க எந்த ஆயரின் ஒப்புதலும் தேவையில்லை: உடம்பில் உணர்வற்ற தேமல் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம்; மருந்து இலவசம்; ஓராண்டுக்குள் குணமாகும்.